பேஸ்மென்ட் ஒழுகலும் தொட்டிக் கசிவும்: கிரவுட்டிங் வேலையை முதன்முறை செய்பவருக்கு

பேஸ்மென்ட் சுவரில் ஈரத்திட்டு தெரிந்ததும் எல்லோருக்கும் கை போவது பூச்சுக் கரண்டிக்குத்தான். கொத்திவிட்டு ஒரு பூச்சு, அதன்மேல் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். அடுத்த மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் போடும், பூச்சு உப்பி உதிரும், ஈரம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அந்தப் பக்கம் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும்போது இந்தப் பக்கம் ஒட்டவைத்தது எத்தனை நாள் தாங்கும்? ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் தள்ளும். சுவருக்கு வெளியே மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடிமட்டத்தில் அது மூன்று டன்.

தண்ணீர் வரும் வழியைக் கான்கிரீட்டின் வயிற்றுக்குள்ளேயே அடைப்பதுதான் கிரவுட்டிங். சாய்வாகத் துளை போட்டு, அதில் பேக்கர் எனப்படும் ஊசிக்குழாயைப் பொருத்தி, சிமென்ட் பாலையோ பிசினையோ அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்துகிறோம். 1802இல் பிரான்சின் தியப் துறைமுகத்தில் சார்ல் பெரிஞி என்ற பொறியாளர் களிமண்ணையும் சுண்ணாம்பையும் இப்படி அடித்து ஏற்றியதிலிருந்து இந்த முறையின் கதையைத் தொடங்குவார்கள். கருவிகள் மாறிவிட்டன, பொருள்கள் மாறிவிட்டன. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பம்ப் அடித்தால் பொருள் வீண் என்பது மட்டும் மாறவில்லை. என் கணக்கில் பம்ப் அடிப்பது இந்த வேலையில் கால்பங்கு. மீதி முக்கால்பங்கு தேடுவதும் தயார்படுத்துவதும்தான்.

கசிவுதானா, எங்கிருந்து?

ஈரம் எல்லாம் கசிவு அல்ல. காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்டில் குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஈரமான இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரோடு வைத்து நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது வியர்வை, தேவைப்படுவது காற்றோட்டம். தாளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் சுவர் வழியாகத்தான் வருகிறது.

அடுத்து, சுவருக்குள் ஓடும் குழாய்களைச் சந்தேகப்படுங்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே அளவில் ஒழுகினால் தண்ணீர் வரத்தை ஒரு நாள் மூடிப் பாருங்கள். ஒழுகல் குறைந்தால் உங்களுக்கு வேண்டியது பிளம்பர். கழிவுநீர்க் குழாயானால் சாயம் கரைத்து ஊற்றினால் தெரிந்துவிடும்.

தொட்டிக்கு வேறொரு சோதனை. விளிம்புவரை நிரப்பி, எல்லா வால்வையும் மூடி, தினமும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வாருங்கள். மட்டம் இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிட்டால், அந்த மட்டத்துக்குக் கீழே சுவர் நன்றாக இருக்கிறது. ஓட்டைகளில் ஆகக் கீழே இருப்பது அந்தக் கோட்டையொட்டித்தான் இருக்கும். கடைசிவரை வடிந்தால் தளத்தையும், தளமும் சுவரும் சேரும் மூலையையும், குழாய் வெளியேறும் இடத்தையும் பாருங்கள்.

வெடிப்பைக் கண்டுபிடித்ததும் சாக்பீஸால் அதன் நீளம் முழுக்கக் கோடு போட்டு, இரு முனையிலும் தேதி எழுதுங்கள். ஈரமான சுவரில் மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை துடைத்துவிட்டுக் காத்திருங்கள். சுவர் காயும்போது வெடிப்பு மட்டும் கடைசிவரை கறுத்த இழையாக நிற்கும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் உண்மையான வழி தெரியும், உடனே கோடு போட்டுவிட வேண்டும்.

கான்கிரீட்டில் தண்ணீர் நுழையும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் கட்டடத்திலும் ஒன்றுதான். தளத்தைப் போட்டுவிட்டுச் சில நாள் கழித்துச் சுவரை எழுப்பிய இணைப்பு முதல் இடம். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்த கோல்ட் ஜாயின்ட், சென்ட்ரிங் பலகையைப் பிடித்த கம்பிகளின் ஓட்டைகள், குழாய் சுவரைத் துளைக்கும் இடம், வைப்ரேட்டர் சரியாகப் படாமல் ஜல்லி மட்டும் நின்றுபோன தேன்கூடு ஆகியவை மற்றவை. தேன்கூட்டைக் காது சொல்லும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் 'டிங்' என்று கணீரிடும், பொள்ளலான இடம் 'பொத்' என்று அடங்கும்.

இந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டிய சமயங்களும் உண்டு. வெடிப்பிலிருந்து துருக்கறை வடிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. வெடிப்பு நாளுக்கு நாள் அகலமானால் கட்டடம் அசைகிறது. இரண்டுக்கும் முதலில் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். பிசின் ஏற்றி மூடிவிட்டால் நோய் மறையும், தீராது. போஸ்ட் டென்ஷன் முறையில் முறுக்கிய கம்பிவடம் ஓடும் தளமானால் வரைபடமும் பொறியாளரின் ஒப்புதலும் இல்லாமல் டிரில்லை எடுக்கவே கூடாது.

எதை ஏற்றுவது?

சிமென்ட் கிரவுட் தேன்கூட்டுக்கும் பெரிய பொள்ளலுக்கும் ஏற்றது. மயிரிழை வெடிப்புக்கு ஆகாது. சாதாரண சிமென்டில் 0.08, 0.09 மி.மீ. அளவுத் துகள்களும் கலந்திருக்கும். துகளைப்போல் மூன்று மடங்காவது அகலம் இருந்தால்தான் வாயிலேயே அடைத்துக்கொள்ளாமல் உள்ளே போகும். அதைவிடக் குறுகலான இடத்துக்கு மைக்ரோஃபைன் சிமென்ட் உண்டு. ஒரு தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. வெடிப்பில் தாள் நுழையுமா என்று பார்த்தாலே ஓரளவு முடிவெடுக்கலாம்.

இப்போதே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். தண்ணீர் பட்டதும் கரியமில வாயுவை வெளியிட்டு நுரைத்துப் பெருகும். இதில் இரண்டு குணம் உண்டு. தண்ணீரை விலக்கும் வகை ஒருமுறை உறைந்தால் பிறகு சுருங்காது. தண்ணீரை உறிஞ்சும் வகை ஈரமாக இருக்கும்வரை உப்பி அடைத்திருக்கும், காய்ந்தால் சுருங்கும். அடிக்கடி காலியாகிக் காயும் தொட்டிக்கு இரண்டாவது வகையை வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் பலர். நுரை மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நுரையால் ஓட்டத்தை நிறுத்தியபின், அதே வரிசையில் நுரைக்காத பி.யூ. பிசினை ஏற்றினால்தான் அடைப்பு நிலைக்கும்.

எபாக்ஸி உடைந்த கான்கிரீட்டை ஒன்றாக ஒட்டும் பொருள். காய்ந்த, அசையாத வெடிப்புக்கு அதைப்போல் வலிமை வேறெதற்கும் இல்லை. ஈரத்தில் சாதாரண எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. வெயிலில் குறுகிக் குளிரில் விரியும் வெடிப்பில் எபாக்ஸி போட்டால் அது விடாது, பக்கத்தில் கான்கிரீட் புதிதாக வெடிக்கும். அங்கே வளைந்து கொடுக்கும் பி.யூ. பிசின்தான் சரி.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு காகிதக் கப்பில் சோதியுங்கள். பி.யூ. என்றால் நுரைப்பதை வேகப்படுத்தும் கேட்டலிஸ்டை டப்பாவில் எழுதிய விகிதத்தில் கலந்து, ஒழுகுகிற அதே தண்ணீரில் கொஞ்சம் விடுங்கள். தேன்போல் கிடந்தது வெளிறிப் பால் நிறமாகும், ஓரத்தில் குமிழி கிளம்பும், பிறகு கப்பின் விளிம்பைத் தாண்டி எழும்பும். எத்தனை நொடியில் கிளம்பியது, எத்தனை நொடியில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் நேரம் கூடும். ஓட்டம் வேகமாக இருந்தால் பொருள் நுரைப்பதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும், கேட்டலிஸ்டை அனுமதித்த அளவுக்குள் கூட்ட வேண்டும். கப்பில் பார்க்காதவருக்குச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

உடம்பு முதலில்

கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பம்பைத் தொடாதீர்கள். பி.யூ.வில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலுக்கு ஆகாது, சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமாவில் கொண்டுவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் மின்விசிறி வைத்து, அதற்கேற்ற முகமூடியும் போட வேண்டும். கான்கிரீட் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் தரையில் மின்கருவி ஓடுவதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்புச் சுவிட்ச் வழியாக மட்டுமே மின்சாரம் எடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் பேக்கருக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். சரியாக இறுகாத பேக்கர் தோட்டாவைப்போல் பிடுங்கிக்கொண்டு வரும்.

தொட்டிக்குள் இறங்குவது தனி ஆபத்து. மூடிக் கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கலாம், வேறு வாயு தேங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து, ஊதுவிசிறியால் நெடுநேரம் காற்றை மாற்றி, வாயுமானியால் சோதித்துவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆளை நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே குதிக்கக் கூடாது. அவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்.

துளை போடுதல்

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. வெடிப்பின் மேலேயே நேராகத் துளைப்பது புதியவர் செய்யும் முதல் தவறு. வெடிப்பு சுவருக்குள் நேராகப் போகாது, எங்காவது வளையும். துளை அதைவிட்டு விலகிவிடும். அதனால் பக்கத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் துளைத்து, சுவரின் நடுத் தடிமனில் வெடிப்பைக் குறுக்கே வெட்ட வேண்டும்.

கணக்கு எளிது. 200 மி.மீ. தடிமன் சுவரானால் வெடிப்பிலிருந்து 100 மி.மீ. தள்ளி டிரில்லை வையுங்கள். சாய்வாக 140 மி.மீ. போனதும் வெடிப்பைத் தொட்டிருக்கும். 160, 170 வரை போய் நிறுத்துங்கள். டிரில் பிட்டில் அந்த நீளத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. அடுத்த துளையை 150 முதல் 200 மி.மீ. தள்ளி, வெடிப்பின் மறுபக்கத்திலிருந்து போடுங்கள். இப்படி இடம் வலமாக மாற்றி மாற்றிப் போனால், வெடிப்பு உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பாதித் துளையாவது அதைப் பிடித்துவிடும். கம்பி எங்கே ஓடுகிறது என்பதைக் கம்பி காட்டும் கருவியால் முன்பே பார்த்துக் குறித்துவையுங்கள். துளைக்கும்போது கம்பி தட்டினால் அங்கேயே நிறுத்தி, சற்றுத் தள்ளி வேறு துளை போடுங்கள், கம்பியை வெட்டாதீர்கள்.

துளையில் தூசி நின்றால் அதுவே சிமென்டுபோல் வழியை அடைக்கும். தண்ணீர் பீய்ச்சியும் காற்று ஊதியும் சுத்தமாக்குங்கள். எபாக்ஸிக்குத் தண்ணீர் வேண்டாம், காற்று மட்டும். பிறகு பேக்கரை நுழைத்து, ரப்பர் உப்பித் துளையைக் கவ்வும்வரை முறுக்குங்கள்.

நான் விடாமல் செய்யும் ஒரு சோதனை: பிசின் ஏற்றும் முன் ஒவ்வொரு பேக்கரிலும் குறைந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பது. வெடிப்பின் வழியே தண்ணீர் எட்டிப் பார்த்தால் துளை சரியாகப் பட்டிருக்கிறது. எங்கும் வராமல் பம்ப் கல்லாக நின்றால் அந்தத் துளை வெடிப்பைத் தொடவில்லை, வேறு போட வேண்டும். பத்து நிமிட வேலை, பிறகு வரும் பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். எபாக்ஸி போடும் காய்ந்த வெடிப்பில் இதையே காற்றால் செய்யலாம்.

சிமென்ட் கிரவுட்டுக்கும் அகலமான வெடிப்புக்கும் வெளிமுகத்தை முதலில் அடைத்தாக வேண்டும். வெடிப்பை உளியால் 20, 25 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவில் கொத்தி, விரைவில் இறுகும் கலவையோ எபாக்ஸி மக்கோ வைத்து, அது நன்றாக இறுகும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் உள்ளே போக வேண்டியது தரையில் வழியும்.

பம்ப் அடித்தல்

செங்குத்து வெடிப்பில் எப்போதும் ஆகக் கீழே இருக்கும் பேக்கரில் தொடங்குங்கள். கீழிருந்து ஏறும் பிசின் தண்ணீரையும் காற்றையும் மேலே தள்ளிக்கொண்டு போகும். மேலிருந்து தொடங்கினால் நடுவில் காற்று சிறைப்பட்டு வெற்றிடம் விழும். கிடைமட்ட வெடிப்பானால் ஒரு முனையிலிருந்து வரிசையாக. மேலே உள்ள பேக்கர்களில் பம்ப் குழாயை மாட்டும் முனையான நிப்பிளைக் கழற்றி வாயைத் திறந்து வையுங்கள்.

அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் வெடிப்பிலிருந்து தெளிந்த தண்ணீர் வேகமாக வரும். பிறகு அது கலங்கும். அடுத்து வெளிறிய நுரை குமிழ்விட்டுப் பிதுங்கும். கடைசியில் தண்ணீர் கலக்காத கெட்டிப் பிசின் புழுபோல் மெல்ல எட்டிப் பார்க்கும். அதுவரை அடிக்க வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. அடுத்த பேக்கரின் வாயில் அதே பிசின் வந்ததும் நிறுத்தி, அதில் நிப்பிளைப் பொருத்தி, அங்கே நகருங்கள். வரிசை முடிந்ததும் முதல் பேக்கருக்குத் திரும்பிவந்து இன்னொரு முறை சிறிது ஏற்றிப் பாருங்கள். பிசின் உறையும் முன் இந்த இரண்டாம் சுற்றை முடிக்க வேண்டும்.

சிமென்ட் கிரவுட் என்றால் ஒரு கிலோ சிமென்டுக்கு 400 முதல் 500 மில்லி தண்ணீர், அதோடு சுருங்காமல் காக்கும் கூட்டுப்பொருள். வலையில் வடிகட்டி, கலக்கிக்கொண்டே இருந்து, அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பொதுவாக 2 முதல் 4 பார் அழுத்தம் போதும். அதிகம் அடித்தால் பலவீனமான கான்கிரீட் பிளக்கும்.

அழுத்தமானி ஏறவே ஏறாமல் பொருள் மட்டும் போய்க்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தொடக்க காலத்தில் ஒரு சுவரில் மூன்று மூட்டை சிமென்ட் உள்ளே போயிற்று. 'நல்ல பெரிய பொள்ளல்' என்று மகிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு வெளியே ஓடிய வடிகால் குழாய்க்குள் போய் அத்தனையும் உறைந்துவிட்டது. அந்தக் குழாயை நாங்களே தோண்டி மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து பக்கத்தில் எந்தக் குழாய், எந்த ஒயர் பைப் ஓடுகிறது என்று கேட்காமல் பம்பைத் தொடுவதில்லை.

தண்ணீர் பீறிட்டு வரும் இடத்தில் நேரே மோதாதீர்கள். ஓட்டத்துக்கு நடுவே பெரிய துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, தண்ணீரை அதன் வழியே இறக்கிவிடுங்கள். சுற்றிலும் சில நிமிடத்தில் இறுகும் சிமென்டைக் கையில் உருட்டி, சூடேறித் தடிக்கும்போது அழுத்திப் பிடித்து அடையுங்கள். தண்ணீர் முழுக்கக் குழாய்க்குத் திரும்பியதும் சுற்றியுள்ள பேக்கர்களில் பி.யூ. ஏற்றி, கடைசியாக அந்தக் குழாயை மூடி அதற்குள்ளும் ஏற்றுங்கள்.

வேலை முடிந்த அதே நிமிடம் பம்பைக் கழுவ வேண்டும். பி.யூ. ஓடிய பம்புக்கு உரிய கரைப்பான், சிமென்ட் ஓடியதற்குத் தண்ணீர். பி.யூ. டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே மேலே ஆடை கட்டும்.

குடிநீர்த் தொட்டி

குடிக்கும் தண்ணீர் நிற்கும் இடத்தில், குடிநீருக்குச் சான்று பெற்ற பொருள் என்று டப்பாவிலும் ஆவணத்திலும் எழுதியிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். 1997இல் ஸ்வீடனின் ஹாலன்ட்சோஸ் ரயில் சுரங்கத்தில் அக்ரிலமைடு கலந்த கிரவுட் உறையாமல் தண்ணீரில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன, தொழிலாளர்களின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. உறைந்த பொருள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் உறையாத பொருள் நஞ்சு. அதனால் விகிதத்தைக் கண்ணளவில் கலக்காதீர்கள். முழுதாக இறுகும்வரை டப்பாவில் சொன்ன நாள் பொறுத்து, பிறகு தொட்டியைக் கழுவி, முதல் நிரப்பைக் கொட்டிவிடுங்கள்.

தொட்டிக்கு முடிந்தால் உள்பக்கத்திலிருந்தே வேலை செய்யுங்கள். பின்னால் மேலே பூசும் சிமென்ட் பாலிமர் பூச்சைத் தண்ணீரே சுவரோடு அழுத்திப் பிடிக்கும்.

முடித்த பிறகு

ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நான்கடி தள்ளிப் புதிதாக ஈரம் தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். பழைய வழி மூடியதால் தண்ணீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடியிருக்கிறது. இரண்டாம் சுற்று வேண்டியிருக்கும் என்று வேலை தொடங்கும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவைப்பது நல்லது. எல்லாம் காய்ந்தபின் பேக்கரைக் கழற்றியோ உடைத்தோ எடுத்து, துளையைச் சுருங்காத கலவையால் நிரப்பி மட்டம் செய்யுங்கள். பேஸ்மென்டுக்கு அடுத்த கனமழைதான் சோதனை, அதுவரை டைல்ஸோ பலகையோ போட்டு மறைக்க விடாதீர்கள்.

தொட்டியை நிரப்பி மட்டத்தைக் குறிக்கும்போது, பக்கத்தில் அதே தண்ணீர் நிரம்பிய வாளி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே ஒரு மேடையில் நிறுத்துங்கள். வாளியில் குறைவது வெறும் ஆவி. தொட்டியில் அதே அளவு குறைந்தால் வேலை முடிந்தது. அதைவிட அதிகம் குறைந்தால் முன்புபோல மட்டம் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுப் பார்த்து, அந்த உயரத்தில் தேடுங்கள். எந்த பேக்கரில் எவ்வளவு பொருள் போயிற்று என்று ஒரு படம் வரைந்து எண்ணோடு எழுதி வைத்திருந்தால், மிகக் குறைவாகக் குடித்த பேக்கரின் பக்கத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.